40 டிகிரி வெயிலில் ஃபாண்டன்ட் கேக் உருகாமல் நிற்குமா? வீட்டிலேயே 2 அடுக்கு பிறந்தநாள் கேக் அலங்கரிப்பது எப்படி? முழு விவரம்

திருத்தணி பக்கத்தில் ஏப்ரல், மே மாதம் பிறந்தநாள் வந்தால் கேக் ஆர்டர் கொடுப்பவர்களுக்கும் டென்ஷன், செய்பவர்களுக்கும் டென்ஷன். தமிழ்நாட்டில் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் கோடைக்கு கோடை திருத்தணி பெயர் இருக்கும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம். அந்த வெயில்தான் அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை என்று சுற்றியுள்ள நெசவு ஊர்களுக்கும்.

இதற்கிடையில் குழந்தைகளின் ஆசை வேறு மாதிரி இருக்கிறது. செவ்வகமாக வெட்டி, மேலே கிரீமில் பெயர் எழுதிய கேக் போதாதாம். இரண்டு அடுக்கு வேண்டும், மேலே கார்ட்டூன் பொம்மை நிற்க வேண்டும், பக்கமெல்லாம் வழவழவென்று இருக்க வேண்டும். போனில் பார்க்கும் அந்த கேக்குக்குப் பெயர்தான் ஃபாண்டன்ட் கேக்.

வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். ஆனா ஒரே நாளில் முடியாது, குளிர்ந்த நாட்டு வீடியோவை அப்படியே காப்பி அடித்தாலும் முடியாது. நம்ம ஊர் வெயிலுக்கு ஏற்றபடி என்ன மாற்ற வேண்டும், குழந்தைகள் சாப்பிடும் பொருள் என்பதால் எதில் கவனமாக இருக்க வேண்டும்? பார்க்கலாம்.

ஃபாண்டன்ட் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால் சர்க்கரை மாவு. பொடித்த ஐசிங் சர்க்கரையோடு ஜெலட்டின், லிக்விட் குளுக்கோஸ், கிளிசரின், கொஞ்சம் கொழுப்பு சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு போல ஒரு உருண்டை வரும். அதைத் தேய்த்து கேக் மேல் போர்வை மாதிரி போர்த்துகிறார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. ஜெலட்டின் இழுவையைக் கொடுக்கும். குளுக்கோஸ், சர்க்கரை மறுபடி கல்கண்டு போல இறுகாமல் தடுக்கும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கொழுப்பு கையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். இதில் ஒன்றை விட்டாலும் எங்கேயாவது வெடிப்பு விழும்.

ஃபாண்டன்ட் என்பது பிரெஞ்சு சொல். அதற்கு 'உருகுவது' என்றே பொருள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது!

வெயில் ஏன் பெரிய பிரச்சினை?

உண்மையில் முதலில் கெடுவது ஃபாண்டன்ட் இல்லை. அதற்கு அடியில் இருப்பதுதான்.

பேக்கரிகளில் பெரும்பாலும் விப்பிங் கிரீம் தடவுகிறார்கள். அதில் தண்ணீர் அதிகம். சர்க்கரை அந்தத் தண்ணீரை இழுக்கும். ஃபாண்டன்ட் நனைந்து, கனத்து, கீழே வழியும். வெண்ணெய் கிரீம் என்றால் வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். அதனால் கோடையில் நமக்குச் சரிப்பட்டு வருவது சாக்லேட் கனாஷ். அதாவது சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்து ஆறவிட்ட கலவை.

அதிலும் அளவு முக்கியம். குளிர் ஊர்களில் 2 பங்கு டார்க் சாக்லேட்டுக்கு 1 பங்கு கிரீம் போடுவார்கள். நம் கோடைக்கு 3 பங்குக்கு 1 பங்கு போடுங்கள். வெள்ளை சாக்லேட் என்றால் 4 பங்குக்கு 1 பங்கு.

இன்னொரு விஷயம். அசல் சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த 'காம்பவுண்ட்' சாக்லேட் வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ருசியில் அசல்தான் மேல். ஆனா ஏசி இல்லாத வீடு, ஷாமியானா பந்தல் என்றால் காம்பவுண்டே நடைமுறைக்கு ஒத்துவரும்.

எவ்வளவு பொருள் வேண்டும்?

கீழே 8 அங்குலம், மேலே 6 அங்குலம், ஒவ்வொன்றும் 4 அங்குல உயரம். முதல் முறை செய்பவர்களுக்கு இந்த அளவு போதும். சுமார் 30 பேருக்குத் துண்டு வரும்.

- 8 அங்குல அடுக்கைப் போர்த்த: சுமார் 700 கிராம் ஃபாண்டன்ட்
- 6 அங்குல அடுக்கைப் போர்த்த: சுமார் 500 கிராம்
- பொம்மை, பூ, எழுத்துக்கு: 300 கிராம்
- கனாஷ்: உள்ளே வைக்க, வெளியே தடவ மொத்தம் சுமார் ஒன்றரை கிலோ. இதற்கு சாக்லேட் 1,125 கிராம், கிரீம் 375 மில்லி

எல்லாம் சேர்ந்தால் எடை சுமார் 5 கிலோ வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுக்கும்போது இந்தக் கணக்கு உதவும்.

30 பேருக்கு மேல் வருகிறார்களா? மூன்றாவது அடுக்குக்குப் போக வேண்டாம். அலங்காரம் இல்லாத சாதா கேக் ஒன்றைத் தனியாகச் செய்து சமையலறையிலேயே துண்டு போட்டுக் கொடுங்கள். பெரிய பேக்கரிகளும் இதைத்தான் செய்கின்றன. உயரம்தான் வேண்டுமென்றால் கீழ் அடுக்குக்கு தெர்மாகோல் வட்டம் வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன் மேல் ஃபாண்டன்ட் போர்த்தலாம். போட்டோவில் வித்தியாசம் தெரியாது. வெட்டுவது மேல் அடுக்கை மட்டும். எது நிஜ கேக் என்று கத்தி பிடிப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்!

வீட்டிலேயே ஃபாண்டன்ட் செய்வது

தேவை: ஐசிங் சர்க்கரை 1 கிலோ, ஜெலட்டின் பவுடர் 15 கிராம், தண்ணீர் 60 மில்லி, லிக்விட் குளுக்கோஸ் அரை கப், கிளிசரின் 1 மேசைக்கரண்டி, வனஸ்பதி அல்லது ஷார்ட்டனிங் 2 மேசைக்கரண்டி.

1. தண்ணீரில் ஜெலட்டினைத் தூவி 5 நிமிடம் ஊறவிடுங்கள். பஞ்சு போல உப்பும்.
2. அந்தப் பாத்திரத்தைச் சுடுதண்ணீர் மேல் வைத்துக் கரையவிடுங்கள். நேரடி அடுப்பில் கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் ஜெலட்டினின் பிடிப்பு குறைந்துவிடும்.
3. குளுக்கோஸ், கிளிசரின், கொழுப்பு சேர்த்துக் கலக்குங்கள்.
4. முக்கால் பங்கு சர்க்கரையைச் சலித்து ஒரு பேசினில் போட்டு, நடுவில் குழி செய்து இந்தக் கலவையை ஊற்றுங்கள். கிளறிய பிறகு மீதிச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். முழுச் சர்க்கரையும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.
5. வனஸ்பதி தடவி, பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி, டப்பாவில் மூடி ஒரு நாள் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம்.

இதில் சுமார் 1.2 கிலோ கிடைக்கும். கேக்கைப் போர்த்த இது சரியாக இருக்கும். பொம்மைக்கு ஒரு சின்ன ரெடிமேட் பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம், அல்லது அளவை ஒன்றரை மடங்காக்கலாம்.

கிளிசரின் வாங்கும்போது கவனம். சருமத்துக்குப் பூசும் கிளிசரின் வேறு. 'உணவுத் தரம்' என்று பாட்டிலில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

சைவக் குடும்பம் என்றால்?

இது நம்ம பக்கத்தில் முக்கியமான கேள்வி. முருகன் கோயில் ஊர், கிருத்திகை அன்று பிறந்தநாள் வந்தால் வீட்டில் முட்டைகூட இருக்காது. முட்டையில்லா கேக் செய்துவிட்டு மேலே ஃபாண்டன்ட் போர்த்தினால் சைவம் ஆகிவிடுமா?

ஆகாது. ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. மார்ஷ்மெல்லோவை உருக்கிச் செய்யும் ஃபாண்டன்ட்டிலும் வழக்கமாக ஜெலட்டின்தான் இருக்கும். சைவம் வேண்டுமென்றால் ரெடிமேட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் செய்தால் ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசியில் இருந்து எடுக்கும் அகர் அகர் சேர்க்கலாம். ஆனா இழுவை கொஞ்சம் குறையும், சீக்கிரம் காயும். முதலில் சின்ன அளவில் செய்து பாருங்கள். விருந்தினருக்குக் கொடுக்கும்போது எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லிக் கொடுப்பதுதான் மரியாதை.

ஞாயிறு விழாவுக்கு என்றைக்கு என்ன செய்வது?

புதன்: ஃபாண்டன்ட் பிசைந்து வையுங்கள். பொம்மை, எண், பெயர் செய்யத் தொடங்குங்கள். 250 கிராம் ஃபாண்டன்ட்டுக்கு 1 தேக்கரண்டி சி.எம்.சி. பவுடர் சேர்த்துப் பிசைந்தால் பொம்மை தொங்காமல் நிமிர்ந்து நிற்கும். நிழலில் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். ஊதா, நீல நிறங்கள் வெளுத்துவிடும்.

வியாழன்: கனாஷ் செய்து மூடி வையுங்கள். அட்டையில் வட்டம் வெட்டி, தாள் சுற்றித் தயார் செய்யுங்கள்.

வெள்ளி: கேக் சுடுங்கள். குக்கரில் சுட்டாலும் பரவாயில்லை. ஆனா பஞ்சு மாதிரி லேசான ஸ்பான்ஞ் வேண்டாம், எடை தாங்காது. வெண்ணெய் அல்லது எண்ணெய் சேர்த்த, கொஞ்சம் கெட்டியான கேக்தான் அடுக்குவதற்கு நல்லது. முழுவதும் ஆறிய பிறகு தாளில் சுற்றி வையுங்கள்.

சனி காலை: மேடு தட்டிச் சமமாக வெட்டி, கனாஷ் வைத்து அடுக்கி, வெளியிலும் தடவி, ஃப்ரிட்ஜில் இறுகவிடுங்கள்.

சனி இரவு: ஃபாண்டன்ட் போர்த்துங்கள். பகல் 2 மணிக்கு இந்த வேலையைத் தொடவே வேண்டாம். இரவு 9 மணிக்கு மேல், அல்லது விடியற்காலை 5 மணிக்கு. பாதி வெற்றி நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான்.

ஞாயிறு: அடுக்கி, அலங்காரம் ஒட்டினால் முடிந்தது.

போர்த்துவது எப்படி?

கணக்கு எளிது. கேக்கின் அகலம், அதோடு உயரம் இரண்டு தடவை, கூட ஒரு அங்குலம். 8 அங்குல கேக்குக்கு 8 + 4 + 4 + 1 = 17 அங்குல வட்டம். 6 அங்குலத்துக்கு 15.

மேடையில் சோள மாவு லேசாகத் தூவித் தேய்க்கவும். அதிகம் தூவினால் ஃபாண்டன்ட் காய்ந்துவிடும். கனம் 3 முதல் 4 மி.மீ. இருக்கட்டும். இதைவிட மெல்லிசாகப் போனால் கிழியும், தடிமனாக இருந்தால் கனத்தில் இழுக்கும்.

கனாஷ் மேல் ஈரத் துணியால் லேசாகத் துடைத்துவிட்டு, உருளையில் சுற்றி எடுத்து கேக் மேல் விரியுங்கள். முதலில் மேல் பகுதி, அடுத்து மேல் விளிம்பு, பிறகு பக்கவாட்டு. மடிப்பு விழுந்தால் கீழே இழுக்காதீர்கள். பாவாடை மாதிரி வெளியே விரித்துவிட்டு, உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வாருங்கள். மிச்சத்தைக் கத்தியால் வெட்டி எடுங்கள். ஃபேன் காற்று நேரடியாகப் படக் கூடாது. தேய்த்த 5 நிமிடத்திலேயே மேல்தோல் காய்ந்து யானைத் தோல் போலச் சுருங்கிவிடும்.

அடுக்குவது எப்படி? இங்கேதான் கேக் விழுகிறது

மேல் அடுக்கின் எடையைக் கீழ் கேக் தாங்கக் கூடாது. குச்சிகள் தாங்க வேண்டும்.

- ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில் தனி அட்டை கட்டாயம்.
- கீழ் அடுக்கின் நடுவில் 6 அங்குல வட்டத்தை லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் 4 குச்சிகள். உணவுக்கு ஏற்ற மரக் குச்சியோ, தடிமனான ஸ்ட்ராவோ போதும்.
- ஒரு குச்சியைச் செருகி, கேக் உயரத்தில் குறித்து, வெளியே எடுத்து வெட்டுங்கள். மீதி மூன்றையும் அதே அளவில் வெட்டுங்கள். ஒன்று உயரம் ஒன்று குட்டை என்றால் மேல் அடுக்கு சாயும்.
- பைக்கிலோ ஆட்டோவிலோ எடுத்துப் போவதாக இருந்தால் அடுக்காமல் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய், மண்டபத்தில் அடுக்குவதே பாதுகாப்பு.

கேக் வெட்டும் முன் குச்சிகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். பொம்மைக்குள் பல் குச்சி, கம்பி, குண்டூசி வைக்கவே கூடாது. சின்னக் குழந்தை பொம்மையைத்தான் முதலில் வாயில் வைக்கும்.

என்ன டிசைன் போடலாம்?

முதல் முறையே மனித உருவப் பொம்மைக்குப் போக வேண்டாம். நம்ம ஊரிலேயே நல்ல டிசைன்கள் இருக்கின்றன. மயில் தோகையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று அளவு வட்ட மூடிகளால் பச்சை, நீலம், மஞ்சளில் வெட்டி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினால் கண் வந்துவிடும். நெசவு வீடுகளில் லுங்கிக் கட்டம் தெரியாதவர் கிடையாது. மெல்லிய பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் கீழ் அடுக்கு முழுக்கக் கட்டம் போட்ட துணி மாதிரி தெரியும். அடுக்குகள் சேரும் இடத்தில் சேலை பார்டர் போல ஒரு பட்டை ஓட்டினால் இடைவெளியும் மறைந்துவிடும்.

ஒட்டுவதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். அதிகம் தடவினால் கரைந்து வழியும்.

நிஜப் பூ வைக்க ஆசையா? அரளி வேண்டவே வேண்டாம், அது விஷம். கடைப் பூக்களில் பூச்சி மருந்து இருக்கலாம். பூவும் ஃபாண்டன்ட்டிலேயே இருக்கட்டும்.

கலர், மினுமினுப்பு: பெற்றோர் கவனத்துக்கு

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள்.

பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச் சாயம் இருப்பது உறுதியானதால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது. அதே ஆண்டு கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை 235 கேக் மாதிரிகளைச் சோதித்ததில் 12 மாதிரிகளில் செயற்கை நிறமிகள் பாதுகாப்பற்ற அளவில் இருந்ததாக அறிவித்தது. அந்த மாதிரிகளில் ரெட் வெல்வெட், பிளாக் ஃபாரஸ்ட் போன்ற பிரபல வகைகளும் உண்டு.

இந்திய விதிப்படி அனுமதி பெற்ற செயற்கை நிறமியைக்கூட 1 கிலோ உணவில் 100 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கக் கூடாது. அடர் சிவப்பு, கறுப்பு வேண்டுமென்று பாட்டிலைக் கவிழ்த்தால் இந்த வரம்பு தாண்டிவிடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஜெல் கலரை ஊசி முனை அளவு சேர்த்து, ஒரு ராத்திரி மூடி வையுங்கள். நிறம் தானாகவே அடர்த்தியாகும். முழு கேக்கும் வெளிர் நிறம், பொம்மை மட்டும் அடர் நிறம் என்று திட்டமிட்டால் இன்னும் நல்லது.

தங்கப் பொடி, வெள்ளிப் பொடி விஷயம் இன்னும் சீரியஸ். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2018ஆம் ஆண்டு ஒரு பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. கேக்கில் பூசியிருந்த மினுமினுப்புப் பொடியில் தாமிரம் அதிகமாக இருந்தது தெரியவந்தது. 2019ல் மிசௌரி மாநிலத்தில், முதல் பிறந்தநாள் கேக்கின் பூ அலங்காரத்துக்குப் பயன்படுத்திய பொடியில் ஈயம் இருந்தது. அந்த ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈய அளவு உயர்ந்திருந்தது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ல் இந்த இரண்டு சம்பவங்களையும் அறிக்கையாகவே வெளியிட்டது.

இங்கே சிக்கல் ஒரு சொல்லில் இருக்கிறது. 'நச்சு இல்லாதது' என்று டப்பாவில் எழுதியிருந்தால் அது சாப்பிடும் பொருள் என்று அர்த்தம் இல்லை. 'உண்ணத் தகுந்தது' என்று இருக்க வேண்டும், மூலப்பொருள் பட்டியல் இருக்க வேண்டும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள். கைவினைக் கடையில் விற்கும் கிளிட்டர் கேக்குக்கு இல்லை.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

நிறைய பேருக்கு வரும் சந்தேகம். வைக்கலாம், ஆனா நேரடியாக இல்லை. குளிர்ந்த கேக்கை வெளியே எடுத்ததும் காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிந்து வியர்க்கும். அட்டைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பெட்டியைத் திறக்காதீர்கள். ஈரம் பெட்டி மேல் படியும், கேக் தப்பிக்கும். அப்படியும் வியர்த்தால் கையால் தொட வேண்டாம். கொஞ்ச நேரம் ஃபேன் காற்றில் வைத்தால் தானாகக் காய்ந்துவிடும். தொட்டால் விரல் ரேகை நிற்கும்.

கேக்குக்குள் ஃப்ரெஷ் கிரீம், பழம் வைத்திருந்தால் 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது பாதுகாப்பு இல்லை. விருந்தினர் வரும் வரை மேஜையில் வைத்திருக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், கோடையில் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

கோளாறு வந்தால் என்ன செய்வது?

வெடிப்பு விழுந்தது: விரலில் வனஸ்பதி தொட்டு வட்டமாகத் தடவுங்கள். மறையாவிட்டால் அங்கே ஒரு பூ ஒட்டிவிடுங்கள்.

காற்றுக் குமிழ் வந்தது: சுத்தமான ஊசியால் பக்கவாட்டில் குத்தி, காற்றை மெதுவாகத் தள்ளி வெளியேற்றுங்கள். ஊசியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பிசுபிசுப்பாக இருக்கிறது: கொஞ்சம் ஐசிங் சர்க்கரை சேர்த்துப் பிசையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது அடிக்கடி வரும்.

கேக் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கிறது: கேக் முழுதாக ஆறாமல் போர்த்திவிட்டீர்கள், அல்லது மேல் அடுக்கின் எடை கேக்கை அழுத்துகிறது. குச்சிகளைச் சரிபாருங்கள்.

எவ்வளவு சாப்பிடலாம்?

ஒரு துண்டில் 30 கிராம் ஃபாண்டன்ட் இருந்தால் அதில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு நாள் முழுக்கச் சேர்க்கும் சர்க்கரையே 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதய சங்கம். 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சேர்த்த சர்க்கரையே வேண்டாம் என்பது அதன் பரிந்துரை. வழி எளிது. பரிமாறும்போது ஃபாண்டன்ட்டை உரித்து எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் கேக்கை மட்டும் கொடுங்கள். முதல் பிறந்தநாள் குழந்தைக்கு அலங்காரம் இல்லாத ஒரு சின்ன வாழைப்பழ கேக்கைத் தனியாகச் செய்துவிடலாம்.

நன்றாக வந்துவிட்டது, விற்கலாமா?

அக்கம்பக்கத்தில் ஆர்டர் வரத் தொடங்கினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006ன் கீழ் பதிவு அவசியம். ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவு எண்ணோடு, முட்டை, ஜெலட்டின், பருப்பு வகைகள் இருக்கிறதா என்பதையும் பெட்டி மேல் எழுதிவிடுங்கள். ஒவ்வாமை இருக்கும் குழந்தைக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும்.

கடைசியாக ஒன்று. முதல் கேக் கொஞ்சம் கோணலாகத்தான் வரும். ஓரத்தில் மடிப்பு இருக்கும், மயிலுக்குக் கழுத்து குட்டையாக இருக்கும். பிறந்தநாள் குழந்தைக்கு அது தெரியாது. பொம்மைக்குள் கம்பி இல்லை, பொடியில் ஈயம் இல்லை, 5 கிலோ கேக் மேஜையில் நேராக நிற்கிறது என்றால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.